அக்கா கப்பலும் தங்கச்சி கப்பலும்

மார்ச் 4
ஒருவழியாக இணைய விளையாட்டில் பெரிய போர்க்கப்பல் கட்டும் தகுதி கிடைத்துவிட்டது, எங்கள் இருவருக்கும். ஆளுக்கு ஒன்றுதான். அது அழிந்தால்தான் அடுத்தது. திரையில் இரண்டு வகை. ஒரே உடம்பு, ஒரே பீரங்கி. ஒன்று பக்கத்துக் கப்பலையும் சேர்த்து மூடும் கேடயம் விரிக்கும், ஆனால் சண்டை நடுவில் நகராது. மற்றதற்குக் கேடயம் இல்லை, நினைத்த நேரத்தில் வேறு விண்மீனுக்குத் தாவிவிடும். நாங்கள் வைத்த பெயர்: அக்கா, தங்கச்சி.

"ரெண்டு பேரும் அக்காவே கட்டுவோம். என் கேடயம் உனக்கு, உன் கேடயம் எனக்கு" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு அழகாகப் பேசியதில்லை.

மார்ச் 9
கட்டியாயிற்று. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மகள் எட்டிப் பார்த்து, "பரீட்சை எனக்கு, விளையாட்டு உங்களுக்கா?" என்றாள். பள்ளியில் கடைசி வருடம். அது முடியும்வரை இருவரும் இடமாற்றம் கேட்பதில்லை என்று பேசிவைத்திருக்கிறோம். ஒரே நிறுவனம், வேறு வேறு மாடி. வெளியூரில் இருக்கும் வடக்குக் கிளையில் மேலாளர் இடம் காலியாம். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 17
இரவு மணி இரண்டு, தூங்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு விளையாட்டுக்கா?

எதிரிகள் வளைத்துவிட்டார்கள். எங்கள் கூட்டணித் தலைவர் — பல் டாக்டராம், முகம் பார்த்ததில்லை — ஹெட்போனில் கத்தினார்: "ரெண்டு பேரும் கேடயத்தை விரிங்க!" நான் விரித்தேன், வீட்டுக்காரர் கப்பலைச் சுற்றி. அவருடையது விரியவில்லை. ஒரு வெளிச்சம். அவர் இருந்த இடம் காலி.

என் கப்பல் தனியாக எரிந்தது.

தங்கச்சி. முதல் நாளிலிருந்தே தங்கச்சி! நான் ஒருமுறைகூட உள்ளே திறந்து பார்க்கவில்லை. புருஷன் கப்பலை யாராவது சோதனை போடுவார்களா?

அதே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணாவது மிஞ்சட்டுமேன்னுதான்... நீ எப்படியும் தாங்கிப்பே."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீயும் தங்கச்சியே கட்டியிருப்பே."

ஏதோ வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "வேற எதுல எல்லாம் இப்படி?"

சிரிப்பார் என்று நினைத்தேன். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வடக்குக் கிளைக்கு... கேட்டிருக்கேன். பொண்ணுக்குத்தான் நீ இருக்கியே."

மார்ச் 18
அலுவலகம் போனேன். யார் யாரோடோ பேசினேன். ஒன்றும் ஞாபகமில்லை.

மார்ச் 22
"நீ பார்த்துப்பே." இத்தனை வருடமாக இதைப் பாராட்டு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

மார்ச் 29
மனிதவள அதிகாரியின் அறைக்குப் போய், வடக்குக் கிளை மேலாளர் இடத்துக்கு என் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரரும் இதைத்தானே கேட்டிருக்கார்! ரெண்டு பேருக்கும் ஒரே தகுதி, ஒரே அனுபவம். எப்படித்தான் தேர்ந்தெடுக்கறது?"

"அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும் மேடம்" என்றேன்.

ஏப்ரல் 6
புதுக் கப்பல் தயார். தளத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இது அக்காவா, தங்கச்சியா?"

"வெளியிலேர்ந்து பார்த்தா தெரியாது" என்றேன்.