கடைசி இடத்தில் நாகர்கோவில்

ராஜகீழ்ப்பாக்கம்,
9.11.2025

அன்புள்ள சவுரிமுத்துவுக்கு,

தேவானந்தம் எழுதுவது. உனக்கும் தங்கச்சி பேபிக்கும் என் தோத்திரம். கவரில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டாய் என்றால், இன்னும் கொஞ்சம் படித்துவிடு. நீ ஃபோனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் இல்லை. எடுக்காதது நியாயம்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாம்பரம் சானடோரியத்தில் ஒரே வாடகை அறையில் பாய் போட்டுப் படுத்தவர்கள் நாம். அதில் ஒருவன் எழுதிய ரிப்போர்ட்டால் இன்னொருவனுடைய சர்வீஸ் சென்டரையே கம்பெனி மூடிவிட்டது. உனக்கும் உன் ஒன்பது மெக்கானிக்குகளுக்கும் வேலை போயிற்று.

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. தீபாவளி முடிந்து ஜனங்கள் திரும்பிய அன்று பெருங்களத்தூரைத் தாண்டவே ஒன்றரை மணிநேரம் ஆனது. மகள் ஜெரூஷா இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். கிருபாவுக்கு மூட்டுவலி. இதையெல்லாம் எழுதுவது, விஷயத்துக்கு வரத் தைரியம் இல்லாமல்தான்.

போன மாதம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியே போகாமல் நின்றுவிட்டது. நம் கம்பெனி மெஷின்தான். கிருபா பெயரில் கம்ப்ளெயிண்ட் கொடுத்தோம், நான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தாம்பரம் சென்டரிலிருந்து ஃபிரெடி என்று ஒருவர் வந்தார். பத்தே நிமிஷம். எதையோ தட்டினார், குழாயை உதறினார், "ஓடிபி சொல்லுங்க மேடம், கால் க்ளோஸ் பண்ணணும், இன்னும் எட்டு வூடு கீது" என்றார். கிருபா சொன்னாள். மறுநாள் மறுபடி தண்ணீர் நின்றது. மறுபடி கம்ப்ளெயிண்ட், மறுபடி ஃபிரெடி, மறுபடி ஓடிபி. ஒரே வாரத்தில் நான்கு தடவை. நான்காம் தடவை அவர் போனதும் கிருபா என்னிடம், "உங்க ரிப்போர்ட்ல முதல் இடம்னு சொன்னீங்களே தாம்பரம், அது இதுதானா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

திங்கட்கிழமை ஆபீஸில் உட்கார்ந்து தேடினேன். எங்கள் வீட்டு ஒரே கோளாறு, ஓடிபிக்கு ஒன்றாக முடித்த வேலை நான்கு என்று ஏறியிருந்தது. அப்புறம் உன் நாகர்கோவிலை எடுத்துப் பார்த்தேன். ஒரு வருஷத்தில் சரிசெய்த வீட்டிலிருந்தே இரண்டாம் கம்ப்ளெயிண்ட் வந்தது பதினேழு தடவை. தாம்பரத்தில் அது மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஐயோ, ஆளுக்கு ஒரு நாளைக்குத் தாம்பரம் ஒன்பது வேலை, ஈரோடு ஏழு, நாகர்கோவில் மூன்று என்று கலர் கலராகப் பட்டை போட்டு ஏசி ரூமில் காட்டிக் கைதட்டல் வாங்கியவன் நான்!

நீ சொல்லாமல் இல்லை. ரிப்போர்ட் போவதற்கு முந்தின வாரம் ஃபோன் செய்து, "எங்க பயலுவ ஒரு லோடு துணி முழுசா ஓடித் தீராம ஓடிபி கேக்க மாட்டானுவ மக்கா, அதைக் கொஞ்சம் பாரு" என்றாய். நான் சிரித்தேன். எல்லா ஊர்க்காரனும் இப்படி ஒரு சாக்கு வைத்திருக்கிறான் என்றேன். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

அதைவிட மோசம் ஆறாம் பக்கத்தில் நான் எழுதிய வரி. மதியம் இரண்டு மணிநேரம் ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், மெத்தனம் இந்த ஊரின் பழக்கமாகவே இருக்கிறது என்று எழுதினேன். வீட்டுக்காரர்கள் வேலைக்குக் கிளம்பும் முன்பே, காலை ஆறரைக்கே உன் ஆட்கள் முதல் வீட்டில் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும், சவுரி. போன வருஷம் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உன் வீட்டில் தங்கியபோது கண்ணாலேயே பார்த்தேன். ஆனாலும் எழுதினேன். வாசிக்க எடுப்பாக இருந்தது, அதனால் எழுதினேன். வேறு காரணம் கிடையாது.

உண்மையை மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். மூன்று பக்கம், தப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு. நல்ல கவனிப்பு, அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வரி பதில் வந்தது. உன் சென்டர் இருந்த கட்டடத்தை ஏற்கெனவே காலி செய்து கொடுத்தாயிற்றாம். வேலையை உதறிவிட்டு வரும் வீரம் எனக்கு இல்லை. ஜெரூஷா படிப்பு முடிய இன்னும் இரண்டரை வருஷம் இருக்கிறது. கோழைப்பயல் என்று தாராளமாக நினைத்துக்கொள்.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி அடுத்த ரிப்போர்ட் கொடுக்கவேண்டும். நாகர்கோவிலை எடுத்துவிட்டதால் பட்டியலில் இப்போது கடைசியாக வந்து நிற்பது கும்பகோணம். அங்கே பதினொரு பேர். அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்த உன்னைப் பற்றியே அப்படி எழுதியவன் நான்.

கேட்க எனக்கு வாய் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். ஒரு வேலை முடிந்தது என்று எப்போது சொல்லலாம், எப்போது சொல்லக்கூடாது என்று உன் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தாயே, அதை ஒரு தாளில் எழுதி அனுப்பு. உன் பெயரோடு முதல் பக்கத்தில் போட்டு, அதன்படிதான் எண்ணுவேன். மேலிடம் அதை எடுக்கச் சொன்னால் ரிப்போர்ட்டே தரமாட்டேன். அந்த அளவு தைரியத்தை எப்படியாவது தேடிக்கொள்கிறேன்.

மன்னிப்பு இதில் கேட்கவில்லை. அதற்கு நேரில் வரவேண்டும். நீ வா என்றால் அன்றைக்கே தாம்பரத்தில் ரயில் ஏறுவேன், சொல்லாவிட்டால் வரமாட்டேன். என்னோடு ஆயுசுக்கும் பேச வேண்டாம். தாளை மட்டும் அனுப்பிவிடு மக்கா. உன் ஒன்பது பேருக்கு நான் செய்ததை இன்னும் பதினொரு பேருக்குச் செய்ய என்னை விட்டுவிடாதே.

கர்த்தர் உன்னையும் பேபியையும், அந்த ஒன்பது வீட்டு அடுப்பையும் அணையாமல் காப்பாராக.

நண்பன் என்று போட உரிமை உண்டா என்று தெரியாமல்,
தேவானந்தம்