வீட்டுப்பெயரில் வந்து நிற்பவள்

அடியே,

விடிந்ததிலிருந்து மழை. றொசல்ல மலைப் பக்கமிருந்து ஈரமண் வாடை ஜன்னல் வழியே வருகிறது. அந்த வாடை வந்துவிட்டால் எனக்கு வேறு வேலை ஓடாது. சேர்வரைத் திறந்து, நம் படப் பக்கத்துக்கு யார் யார் எந்தப் பெயரில் வந்தார்கள், யாருக்குத் திறந்தது என்று பார்ப்பேன். இன்றும் பார்த்தேன்.

முதல் மண்சரிவில் போனவர்களின் படங்களை வீடுவீடாகக் கேட்டு வாங்கி நாம் இருவரும் செய்த இணையப் பக்கம் அது. யாரோ அவற்றை எடுத்து ஊரெல்லாம் பரப்பியபோது லயத்து வீடுகளெல்லாம் அழுதன. உனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அன்றைக்கே கடவுச்சொல் போட்டாய். ஒரு கோப்பு, அதில் ஆளுக்கொரு வரி. பெயரைப் படிக்கலாம், கடவுச்சொல் மட்டும் உருத் தெரியாமல் கிடக்கும். "நானே நெனச்சாலும் திருப்பிப் படிக்க முடியாதுடி" என்று பெருமையடித்தாய். என் கடவுச்சொல்லையும் நீயே வைத்து, என் காதில் மட்டும் சொன்னாய்.

உன் வரியில்தான் கூத்து. பிறப்புப் பதிவில் தோட்டத்துக் கிளாக்கர் உன் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார். அடையாள அட்டையில் உள்ளதுதான் பெயர் என்று அதையே இங்கும் கொடுத்தாய். கைப்பழக்கம் விடுமா? ஒவ்வொரு முறையும் முதலில், எழுத்து விழாத உன் வீட்டுப்பெயரை அடிப்பாய். திறக்காது. கிளாக்கரைத் திட்டிக்கொண்டே பதிவுப்பெயரை அடிப்பாய்.

இரண்டாவது சரிவு உன்னைக் கொண்டுபோனது. உன்னைத் தோண்டி எடுத்தோம், உன் ஃபோன் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் நம் பக்கத்துக்கு நீ வந்தாய், மழை நாட்களில் மட்டும். வீட்டுப்பெயர், மறுப்பு. பிறகு பதிவுப்பெயர், அனுமதி. ஃபோன் எவன் கையிலாவது சிக்கியிருக்கும் என்று பார்த்தால், எவனுக்கு உன் வீட்டுப்பெயர் தெரியும்? பயந்தேன், சந்தோஷமும் பட்டேன்.

உன் அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார்.

"போன புள்ள இப்படி அலையக் கூடாதும்மா. அவ பேர எடுத்துரு" என்றார்.

வருவது வேறு ஆளாக இருந்து படங்கள் மறுபடி வெளியே போனால் லயம் தாங்காது என்பதும் எனக்குத் தெரியும். நேற்று உன் வரியை அழித்தேன். உன்னை இன்னொரு தடவை புதைத்த மாதிரி இருந்தது.

இன்று காலை பார்த்தது இதுதான். வீட்டுப்பெயர், மறுப்பு. பதிவுப்பெயர், மறுப்பு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் என் பெயர். முதல் தடவையிலேயே அனுமதி.

அந்த நேரம் நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

என் கடவுச்சொல்லை உடனே மாற்று என்று அறிவு சொல்கிறது. கை வரவில்லை. அதையும் மாற்றிவிட்டால், இந்த மழையில் நீ எங்கேடி போவாய்?