சுட்ட கறிக்கு நான் பார்த்த கத்தி

மே 27, செவ்வாய்

இசக்கிச்செல்வி வந்திருந்தாள். என் தங்கை மகள். செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிடும் பழக்கம் தாயிடமிருந்து வந்தது. எங்கள் மேலகரத்திலேயே, குற்றாலம் சாலையில், கடை பிடித்துவிட்டார்களாம். அடுத்த வாரம் திறப்பு. அவள் கணவன் மகாராஜா இருபது ஆண்டு ராணுவத்தில் கற்றுக்கொண்டு வந்தவை இரண்டு: துப்பாக்கி சுடுவது, ஆட்டுத் தொடையை மூடியிட்ட கரியடுப்பில் ஐந்து மணி நேரம் வாட்டுவது. ஓய்வுக்குப் பிறகு முதலாவதற்கு வேலை இல்லை.

"கத்தி நீங்கதான் பெரியம்மை பாத்துச் சொல்லணும். முப்பது வருசம் காலேஜ்ல அறுத்தவங்கல்லா?"

விலங்கியல் பேராசிரியையின் பணியை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. திருத்தவில்லை. கேட்டது பிடித்திருந்தது என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மே 29, வியாழன்

தென்காசிக் கடைத்தெரு. பாத்திரக்கடை அண்ணாச்சி ஒவ்வொரு கத்தியையும் கட்டைவிரலால் தடவி, "நல்ல சாமான்" என்றார். எல்லாமே நல்ல சாமான் என்றால் நான் எதற்கு?

எனக்கு வேண்டியதைச் சொன்னேன். அலகு பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும்; தொடையின் அகலத்தை ஒரே இழுப்பில் கடக்காவிட்டால் துண்டு படிக்கட்டாகிவிடும். ஒடுக்கமான அலகு, அகலமானால் கொழுப்பு ஒட்டிக்கொள்ளும். எஃகு கைப்பிடியின் கடைசி வரை ஓட வேண்டும். நெய்க்கை பட்டாலும் வழுக்காத பிடி. எல்லாவற்றுக்கும் மேலாக, கடினமான எஃகு. நாள் முழுதும் கூர் தாங்கும்.

"டீச்சரம்மா, ஆட்டை வெட்டப் போறீங்களா, ஆபரேசன் பண்ணப் போறீங்களா?" என்றார். பக்கத்தில் நின்றவன் சிரித்தான். அருவாள் ஒன்றை எடுத்து நீட்டாமல் மேசைமேல் வைத்தார். "இது ஒண்ணு போதும். எலும்பு, கறி எல்லாம் இதுலயே முடியும்."

வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து, கைப்பேசியில் மூன்று மணி நேரம் படித்துப் பார்த்து, வெளியூரிலிருந்து வரவழைக்கச் சொல்லிவிட்டேன். நீளக் கத்தி ஒன்று. எலும்பை ஒட்டிக் கறியைப் பிரிக்கச் சிறு கத்தி ஒன்று. கடையில் அருவாளே கூடாது என்றும் செல்வியிடம் சொன்னேன். குடும்பத்தோடு வருகிறவர்கள் கண்முன் அது எதற்கு?

ஜூன் 3, செவ்வாய்

கத்திகள் வந்தன. ஒத்திகை. வாட்டிய தொடையை அரை மணி நேரம் ஆறவிட்டு, தசைநாரின் ஓட்டத்துக்குக் குறுக்கே இழுக்கச் சொன்னேன். துண்டின் வழியே வெளிச்சம் தெரிந்தது. மகாராஜா அதைத் தூக்கிப் பிடித்து, "அத்தை, இது கத்தி இல்ல, பிளேடு" என்றான்.

பெருமையாக இருந்தது. எழுபத்தொரு வயதில் இது தேவையா என்றும் இருந்தது.

ஜூன் 5, வியாழன்

கடை திறந்தது. கூட்டம் உண்டு. ஆனால் தட்டைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எலும்பு எங்க?" புளியறையிலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர், "எலும்பில்லாம குடுத்தா இது எந்த ஆடுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?" என்றார். "ஆடுதான்ணே" என்றான் மகாராஜா. "அதைத்தான் எல்லாரும் சொல்லுதாங்க."

எனக்கு எரிச்சல். எலும்பின்றி மெல்லியதாய் அரிந்து கொடுப்பதல்லவா இந்தக் கறியின் சிறப்பு? பழகிக்கொள்வார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

இப்போதே எழுதிவிடுகிறேன்.

கத்தியை நாள்தோறும் நான்தான் கழுவுவது. வேறு யாரையும் நம்புவதில்லை. மாலை ஐந்து மணிக்குத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அலகின் நடுவில் ஒரு பொக்கை. பிறை வடிவம். அரிசியில் பாதி அளவு இருக்கும். எஃகு இல்லை. எங்கே போயிற்று?

மகாராஜாவைக் கேட்டேன். உண்மையைச் சொன்னான், அதற்கு நன்றி. மதியம் சுரண்டை வேல்சாமி என்பவர், அருவியில் குளித்துவிட்டுக் குடும்பத்தோடு காரில் வந்தவர், முழுத் தொடை வாங்கியிருக்கிறார். "நல்லி எலும்பை உடைச்சுப் போடுங்க, எங்கம்மாவுக்கு மஜ்ஜைன்னா உயிரு" என்றாராம்.

"ரெண்டே போடுதான் அத்தை. டக்குனு சத்தம் கேட்டுச்சு. எலும்பு ஒடஞ்ச சத்தம்னு நெனச்சேன். அருவா இருந்திருந்தா..."

அருவாள் கூடாது என்றது யார்?

வெட்டுக்கட்டையைச் சுரண்டினோம். தரையைக் கூட்டினோம். சாக்கடை வலையை அவிழ்த்தோம். பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்துக் காந்தத்தை எடுத்து எல்லா இடத்திலும் தேய்த்தேன். பாத்திரம் தேய்க்கும் கம்பிநார்த் துணுக்குகள் ஒட்டின. சில்லு கிடைக்கவில்லை.

அப்படியானால் பொட்டலத்தில் போயிருக்கிறது. அந்த வீட்டில் ஒரு கிழவி. ஏழு மாதக் கர்ப்பிணியான மகள். வருகிற இருபத்தேழாம் தேதி வளைகாப்பு, அதற்கும் நம்மிடமே இரண்டு தொடை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கர்ப்பிணி. எக்ஸ்ரேகூட யோசித்துத்தான் எடுப்பார்கள். கத்தி பார்க்கச் செல்வி ஏன் என்னைக் கேட்டாள்? கேட்டாலும் நான் ஏன் சொன்னேன்?

ஜூன் 9, திங்கள்

சொல்லவில்லை.

ஜூன் 9, மாலை

ஒற்றை வரியில் தப்பித்துக்கொள்வது கோழைத்தனம். நடந்தது இது. வேல்சாமியின் எண் செல்வியின் கைப்பேசியில் இருக்கிறது. காலையில் கேட்டேன். தரவில்லை.

"பெரியம்மை, கடை தொறந்து அஞ்சு நாளு. இந்த ரோட்ல நாலு கடை நம்மளப் பாத்துக்கிட்டு இருக்கு. கறியில இரும்புன்னு ஒருத்தன் வீடியோ போட்டா முடிஞ்சுது. அவங்களுக்கு ஏதும்னா அவங்களே கூப்பிட்டிருக்க மாட்டாங்களா?"

பதில் சொல்ல வேண்டியவள் நான் சும்மா இருந்தேன். விழுங்கிய சிறு உலோகம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக வெளியேறிவிடும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அதையே பிடித்துக்கொண்டு பகலைத் தள்ளினேன். ஆனால் இந்த உலோகத்தைக் கூர்மைக்காகவே தேடி வாங்கியவள் நான். நான் கண்ணால் பார்த்த குடல்கள் எல்லாம் தவளையுடையவை. அவற்றில் எதுவும் வளைகாப்புக்குக் காத்திருக்கவில்லை.

மாணவி ஒருத்தி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகட்டை உடைத்துவிட்டு மறைத்தால் நான் என்ன செய்திருப்பேன்? வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.

ஜூன் 10, செவ்வாய்

சுரண்டைக்குப் பேருந்தில் போனேன். செல்வியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எண் இல்லாவிட்டால் என்ன, ஒப்பந்தக்காரர் வேல்சாமி வீட்டை ஊரில் யாரும் காட்டுவார்கள்.

நல்ல வீடு. வேல்சாமி நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார்கள். மோரைக் குடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். குடித்த பிறகு சொன்னால் அது இன்னொரு ஏமாற்று.

வேல்சாமி கேட்டார்: "எப்பம் தெரியும் உங்களுக்கு?"

"ஞாயிறு சாயந்தரம்."

"இன்னைக்குச் செவ்வா. ரெண்டு நாளா என்னம்மா செஞ்சிக்கிட்டு இருந்தீங்க? படிச்சவங்கதானே நீங்க?"

மகள் முத்துச்செல்வி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை வயிற்றுக்குப் போயிற்று. "அப்பா, நான் நாலஞ்சு துண்டு சாப்பிட்டேன்" என்றாள். அந்தக் குரலை நான் மறக்கப்போவதில்லை.

எலும்புகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். வேல்சாமியின் தாய் மாடத்தியம்மாள் மூலையில் உட்கார்ந்திருந்தார். "அத அப்பவே நாய்க்குப் போட்டாச்சு" என்றார், என்னைப் பார்க்காமலே.

உடனே மருத்துவரிடம் போனார்கள். நான் வெளியே நின்றேன். யாரும் உள்ளே கூப்பிடவில்லை, கூப்பிட்டிருக்கவும் கூடாது. இப்போதைக்குக் காத்திருக்கச் சொன்னாராம். வலியோ ரத்தமோ தெரிந்தால் அந்த நிமிடமே வர வேண்டும். அதோடு சரி. என் எண்ணை எழுதி முத்துச்செல்வியிடம் கொடுத்தேன். காரில் ஏறும்போது வேல்சாமி சொன்னார்: "வளைகாப்புக்குக் கறி வேண்டாம். எம்பிள்ளைக்கு ஒண்ணுன்னா பெறகு பேசிக்கிடுவோம்."

ஜூன் 11, புதன்

போன் மூன்று முறை அடித்தது. மின்வாரியம், தவறான எண், என் தங்கை. ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றேன்.

ஜூன் 12, வியாழன்

கடைக்குப் போகவில்லை. மகாராஜா வந்து, "நான் வெட்டுனதுக்கு நீங்க ஏன் அத்தை சோறு திங்காம கெடக்கீங்க?" என்றான். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். நம்பாமல் அடுக்களைக்குள் போய்ப் பார்த்தான். ராணுவப் புத்தி.

கடினம் வேறு, உறுதி வேறு. கடினமான எஃகு கூர் தாங்கும், அடி தாங்காது. வளையாததால் தெறிக்கும். இதையும் அன்றே படித்தேன். எலும்பில் போடாதீர்கள் என்று எழுதியிருந்ததையும் படித்தேன். எலும்பைக் கேட்காத ஊருக்கு அது சரியான கத்தி. கத்தியை ஆராய்ந்த அளவுக்கு, தின்ன வருகிறவனை நான் ஆராயவில்லை. லாரிக்காரர் கேட்டபோதாவது காதில் ஏறியிருக்க வேண்டும்.

முத்துச்செல்வி அதைத் தின்று இன்று ஐந்தாம் நாள். ஒன்றுமில்லை என்றால் நல்லது என்று அர்த்தமா, இன்னும் இல்லை என்று அர்த்தமா?

ஜூன் 13, வெள்ளி

பதினொரு மணிக்குப் போன். தெரியாத எண். ரகசியக் குரல்.

"டீச்சர், நான் மாடத்தி பேசுதேன். அவன் வெளிய போயிருக்கான். நான் சொன்னேன்னு அவன்ட்ட சொல்லாதீங்க."

"முத்துச்செல்விக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு நல்லி எலும்பு... அத நான் நாய்க்குப் போடல டீச்சர்."

யூரிக் அமிலம் என்று மருத்துவர் அவருக்குக் கறியையே நிறுத்தியிருக்கிறார். மகன் தட்டைக் காவல் காக்கிறார். அம்மாவுக்கு உயிர் என்பதற்காகவே அன்று ஒரு நாள் மட்டும், ஒரே ஒரு எலும்பு அனுமதி. கிழவி மற்ற இரண்டையும் கேரிபேக்கில் சுற்றி, ஃபிரீசரில், கறிவேப்பிலைக்கு அடியில், சூப்புக்காக ஒளித்துவைத்துவிட்டார். மூன்று நாளாகப் பேத்தி அழுவதைப் பார்த்துவிட்டு, இன்று எடுத்து வெந்நீரில் போட்டிருக்கிறார். "வெட்டுன வாய்ல ஏதோ மினுங்குது. நகத்தால நோண்டுதேன், வரமாட்டேங்கு."

அடுத்த பேருந்தில் போனேன். பன்னிரண்டு அங்குலக் கத்தியை நாளிதழில் சுற்றி, அதன்மேல் துண்டைச் சுற்றி, துணிப்பையில். பக்கத்து இருக்கைப் பெண், "என்னம்மா, முருங்கைக்காயா?" என்றாள். ஆம் என்றேன்.

எலும்பின் வெட்டுவாயில் சில்லு செருகி நின்றது. இடுக்கியால் பிடித்து எடுத்தேன். கத்தியின் பொக்கையில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். இடைவெளி இல்லை. மறுபடி பார்த்தேன். மூன்றாம் முறையும் பார்த்தேன். முழுமையாகப் பொருந்தியது.

முத்துச்செல்வி வந்து எங்கள் இருவரையும், கத்தியையும், எலும்பையும் மாறி மாறிப் பார்த்தாள். விளங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ ஆச்சி! எனக்கு மூணு நாளா சோறு எறங்கல. நீ பிரிஜ்ல நல்லி வச்சிருக்கியா!"

"சத்தம் போடாதட்டி. ஒங்கப்பன் வந்திருவான்."

"வரட்டும்! வந்து பாக்கட்டும்!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

மாடத்தியம்மாள் என் கையைப் பிடித்தார். "நீங்களே கண்டுபிடிச்சதா சொல்லிருங்களேன்."

மாட்டேன் என்றேன். "நீங்கதான் சொல்லணும். நான் ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னேன், திட்டு வாங்கினேன். நீங்க மூணு நாள். அதுக்குத் தக்கபடி வாங்கிக்கிடுங்க."

கிழவி என்னை முறைத்தார். பிறகு, "காப்பி குடிக்கீங்களா?" என்றார்.

வேல்சாமி வரும்வரை இருந்தேன். தாயைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். என்னோடு வாசல்வரை வந்தார், அவ்வளவுதான்.

வீடு திரும்பி, குழம்பைச் சூடுகூடப் பண்ணாமல், நின்றபடியே சோறு தின்றேன்.

ஜூன் 16, திங்கள்

கடைக்குப் போனேன். பொக்கைக் கத்தியைக் குப்பையில் போடப்போன செல்வியைத் தடுத்து, சாணைக்காரரிடம் கேட்கச் சொன்னேன். அலகை அரைத்தே இறக்க வேண்டும், இறக்கினால் கத்தியே ஊசியாகிவிடும் என்றாராம். சரி, போடு என்றேன். செல்வி என்னோடு அளவாகப் பேசுகிறாள். நான் சுரண்டை போனது சரி என்று அவள் சொல்லவில்லை, போனது தப்பு என்று இப்போது சொல்லவும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

நல்ல சாரல். கூட்டம். தலைவலி.

ஜூன் 27, வெள்ளி

காலையில் சுரண்டைக்கு இரண்டு தொடை போயிற்று. நேற்றுக் காலைதான் முத்துச்செல்வியே போன் செய்து சொன்னாள். வேல்சாமி வரவில்லை, காரை மட்டும் அனுப்பினார். கறி ஒரு டப்பாவில், எலும்பு வேறு டப்பாவில். எலும்பு டப்பாவை அவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று ஓட்டுநருக்கு உத்தரவாம்.

வெட்டுமேசையில் புதிதாக இரண்டு கத்திகள் கிடந்தன. செல்வி நேற்று தென்காசியில் வாங்கியிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. கறி அரிய நீளமான ஒன்று, மிருதுவான எஃகு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தீட்டுகோலில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எலும்புக்கு முதுகு தடித்த ஒன்று, சிவப்புப் பிளாஸ்டிக் பிடி, பார்க்க அசிங்கம். அடித்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

நான் போயிருந்தால் இந்த இரண்டையும் வாங்கியிருக்க மாட்டேன்.

கழுவித் துடைத்து வைத்துவிட்டு வந்தேன். அந்த வேலையை மட்டும் இன்னும் யாரும் என்னிடமிருந்து எடுக்கவில்லை.