டபேதார் வீட்டுத் துலாபாரம்

3-9-83
இன்று முதல் என் அரண்மனையின் ராஜசபை உலக வங்கியின் வசம். அரண்மனை என்றால் கே.ஜி.கண்டிகையில் ஓர் ஓட்டு வீடு: ஒரு கூடம், ஓர் அடுப்படி, ரிட்டயரான தாலுகா ஆபீஸ் டபேதார் ஒருவன். என் வீட்டுக்காரி மரகதம் போய் ஒன்பது வருஷம். இங்கே பேசுவது நானும் பல்லியும்தான். அந்த வங்கி பணம் கொடுக்கும் சத்துணவுத் திட்டமாம்; இனி மாதாமாதம் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை என் கூடத்தில் எடை போடுவார்களாம். எடை ஏறாத பிள்ளைக்குச் சத்து உருண்டை. பொறுப்பு சந்திரா டீச்சர். உத்தரத்தில் தராசை மாட்டினாள். தணிகை மலையையே தொங்கவிடலாம், முருகன் சம்மதித்தால்.

5-9-83
ஒருத்தியும் வரவில்லை. பிள்ளையை எடை போட்டால் கண்ணேறு பட்டு இளைத்துவிடுமாம். ஓர் ஆடு மட்டும் வந்து எட்டிப் பார்த்தது. அடுத்த மாதமும் இப்படியென்றால் எடை போடும் மையத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்றாள் சந்திரா. மறுபடியும் பல்லியா?

6-10-83
பொய்யர்களில் நான் சக்கரவர்த்தி. நேற்று டீக்கடையில் அவிழ்த்துவிட்டேன்: அது தராசே இல்லை, துலாபாரம், மலைமேல் பூசை போட்டு இறக்கியது, பிள்ளையின் எடை நேரே முருகன் காதுக்குப் போகும். இன்று காலையில் நாற்பத்தொரு பிள்ளைகள். நாற்பதாயிரம் என்று எழுதத்தான் கை போனது. தராசுக்குக் கற்பூரம் காட்டினார்கள். சந்திரா என்னை முறைத்துக்கொண்டே எடை குறித்தாள். ஒரு பயல் என் மடியை நனைத்தான். சாயங்காலம்வரை வேட்டி மாற்ற மனம் வரவில்லை.

7-11-83
கழனி வேலை செய்யும் ஜெயம்மாளின் மகள் மல்லி, ஒன்றரை வயது. போன மாதம் ஏழு கிலோ. இன்று ஏழரை. ஏறியிருக்கிறது, உருண்டை வேண்டாம் என்று சந்திரா அட்டையில் புள்ளி வைத்தாள். பிள்ளையை இறக்கியவன் நான். பாவாடைக்குள் ஏதோ கனத்தது. பூட்டு. கதவுப் பூட்டைத் துணியில் சுற்றிப் பிள்ளையின் இடுப்பில் கட்டியிருந்தாள் ஜெயம்மாள்.

வாசலில் ஜெயம்மாளைத் தனியாகக் கேட்டேன். "நீங்கதான சொன்னீங்க மாமா, சாமி காதுக்குப் போவுதுன்னு. எளச்ச புள்ளய அவருகிட்ட எப்பிடிக் காட்டறது?"

 சந்திராவிடம் பூட்டைப் பற்றி நான் சொல்லவில்லை.

8-11-83
இன்னும் எத்தனை பிள்ளைகள் இடுப்பில் என்னென்ன? சொன்னால் துலாபாரம் போச்சு, கூட்டம் போச்சு, கூடமும் போச்சு. சொல்லாவிட்டால் — டேய், அந்தப் புள்ள எலும்பும் தோலுமா கெடக்குதுடா. உருண்டை அதுக்குப் போவ வேணாமா? உனக்கு ஆளு சத்தம் வேணும்னு அது பட்டினி கெடக்கணுமா?

10-11-83
சொல்லிவிட்டேன். முதலில் சந்திராவிடம், பிறகு பெண்களை எல்லாம் கூட்டி, துலாபாரமும் இல்லை, பூசையும் இல்லை, எல்லாம் என் வாய் என்று. ஒருத்தியும் சிரிக்கவில்லை. கௌரியம்மாள்தான் எழுந்தாள். "ரெண்டு மாசம் தூக்கிக்கினு வந்தோம், புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவல. தராசு மேல எனக்குக் கோவமில்ல. சாமி பேர்ல பொய் சொன்ன இந்த மனுசன் வூட்லதான் கால் வெக்க மாட்டோம்."

சந்திரா தராசைக் கழற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மல்லி ஆறு கிலோ எண்ணூறு. உருண்டை இன்றே கொடுத்துவிட்டாளாம்.

18-11-83
மையம் பள்ளிக்கூட வராந்தாவுக்குப் போய்விட்டது.

9-12-83
கூடத்தைப் பெருக்கினேன். குப்பையே இல்லை.

6-2-84
எடை நாள். பள்ளிக்கூடத் தெருவில் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றி நடந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் சந்திரா பார்த்துவிட்டு, தானாகவே வந்து சொன்னாள். மல்லி ஏழு கிலோ அறுநூறு.

டீக்கடையில் யாரிடமும் நான் சொல்லவில்லை.