எலி, குரங்கு, ஒரு போர்வெல்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆலயத்தில் ஆட்களைவிட பெஞ்சுகள் அதிகம். போதகர் சிலெஷே இன்றும் மிக மரியாதையாகப் பேசினார். அதுதான் பிரச்சினையே.

அவர் வடக்கே உள்ள பெம்பா இனம், நாங்கள் ங்கோனி இனம். பாட்டன்கள் ஈட்டியால் அடித்துக்கொண்டார்கள். அந்தப் பகை ஆறி, பேரன்கள் மச்சான் முறையாகிவிட்டோம். பெம்பா எங்களைப் பார்த்ததும் 'எலி தின்னி' என்று திட்டவேண்டும். நாங்கள் 'குரங்கு தின்னி' என்று திருப்பித் தரவேண்டும். பிறகுதான் நலம் விசாரிப்பு. இவரோ வந்த நாள் முதல் எல்லோரிடமும் கைகுலுக்கி ஆசீர்வாதம் சொல்கிறார். ஊரே புண்பட்டுக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

போர்வெல் போட ஊர் நிலம் முழுக்க அளந்து முடித்துவிட்டேன். எங்கும் பாறை. தண்ணீர் இருப்பது ஒரே இடத்தில் — ஊர்த்தலைவர் ஷாவாவின் பழைய மாட்டுப்பட்டியில். மிஷனின் போர்வெல் வண்டி அடுத்த வாரம் வருகிறது. இரண்டு நாள்தான் நிற்கும். விட்டால் அடுத்த வருஷம். அதுவரை அந்த ஓடைத் தண்ணீர்தான். மிஷன் மருத்துவமனையில் வயிற்றுப்போக்குப் பிள்ளைகள், அதில் ஒன்று என் அக்கா மகள்.

போதகரோடு போய்க் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி, வேலைக்கு மனு கொடுப்பவர்போலப் பேசினார். ஷாவா மறுத்துவிட்டு, என்னை மட்டும் தனியே இழுத்தார்.

"இத்தன மாசத்துல ஒரு வார்த்த திட்டல. மனசுல என்ன வச்சிருக்கானோ. திட்டாத பெம்பாவ நம்பி எப்படிடா பட்டியக் குடுக்கறது?"

வரைபடத்தைக் காட்டினேன்.

"தண்ணி இருக்குன்னு நம்புறேன். அந்தாளத்தான் நம்பல."

பாலிடெக்னிக்கில் இதற்குப் பாடம் இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

போதகரிடம் நேராகவே சொன்னேன்: திட்டுங்க. ஜெபிக்கிற வாய் தம்பி இது, என்றார். அவர் அப்பாவும் போதகராம். வீட்டில் கேலி செய்தால் பிரம்பாம். இந்த ஊருக்குத் தான் ஒத்துவரவில்லை என்று போன மாதமே மாற்றல் கேட்டுவிட்டாராம்.

விடுவேனா? நான் ஷாவாவாக உட்கார்ந்து ஒத்திகை வைத்தேன். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாங்கள் எலிகளை விரும்பி உண்பதாகக் கேள்விப்பட்டேன்," என்றார்.

எனக்கே நன்றி சொல்லத் தோன்றியது.

ஆகஸ்ட் 9

இன்றும் ஒத்திகை. என்னைத் திட்டிவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டார். தலை வலிக்கிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

போர்வெல் வண்டி காலையில் வந்து சும்மா நிற்கிறது. ஷாவாவுக்குக் கடும் காய்ச்சல். போதகர் ஜெபிக்கப் போனார். நான் பட்டியைக் கேட்கப் போனேன் — ஆமாம், நான் அப்படித்தான். குழந்தைகள் காத்திருக்குமா?

ஷாவா போர்வைக்குள்ளிருந்து, "நான் போய்ச் சேந்துடுவேன் போல," என்று முனகினார். நீண்ட ஜெபம். ஆமென். போதகர் எழுந்திருக்கவில்லை. அடுப்புக்கு மேலே குச்சியில் கோத்துத் தொங்கிய காய்ந்த எலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அதே ஜெபக் குரலில்:

"சீக்கிரம் போயிடுங்க தலைவரே. இந்தக் காட்டு எலிங்க மூணு தலைமுறையா இந்த ஒரு ஜெபத்தத்தான் பண்ணிக்கிட்டு இருக்கு."

போர்வை குலுங்கியது. குளிர் நடுக்கம் என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பு. ஷாவா எழுந்து உட்கார்ந்தார்.

"இவ்வளவு நாளா எங்கடா இருந்த, குரங்கு தின்னி மச்சான்?"

பட்டியைத் தோண்டிக்கொள்ளச் சொன்னார். முதல் குடம் மட்டும் தனக்கு வேண்டுமாம்; போதகர் தொட்ட பிறகு தண்ணீரில் குரங்கு வாடை அடிக்குமாம்.

வெளியே வந்ததும் போதகர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப அதிகமாப் போயிடுச்சா தம்பி?"

ஆகஸ்ட் 14

தண்ணீர்! ஐம்பது மீட்டரில் என்று சொல்லியிருந்தேன். ஐம்பத்திரண்டில் வந்தது. தப்பு கருவியுடையது.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஆலயத்தில் உட்கார இடமில்லை. பாதிப் பேர் பிரசங்கத்துக்கு, பாதிப் பேர் அதற்கு முன் நடக்கும் சண்டைக்கு. ஷாவா காணிக்கைத் தட்டில் குரங்கு வால் போட்டார். போதகர் அதை ஆசீர்வதித்து, அவர் கழுத்திலேயே சுற்றிவிட்டார். ஆராதனை முடிய மதியம் தாண்டிவிட்டது. இது எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நவம்பர் 2, சனி

போதகர் கேட்டிருந்த மாற்றல் வந்தேவிட்டது. வடக்கே, அவருடைய சொந்த மண்ணுக்கு. இன்று கிளம்பவேண்டியவர். பைக் கிளம்பவில்லை. திறந்து பார்த்தேன், ஸ்பார்க் பிளக்கைக் காணோம். எதிரே மாமரத்தடியில் ஷாவா, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்தபடி.

மச்சான் எடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது. போதகரும் கேட்கவில்லை.

"வேற பிளக் இருக்கா தம்பி?"

"இல்ல போதகரே."

"நல்லாத் தேடுனியா?"

"நல்லாத் தேடிட்டேன்."

"அப்ப மழைக்காலம் முடியட்டும்," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாற்று பிளக் இரண்டு வைத்திருக்கிறேன். என் கருவிப்பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் திறந்தேதான் கிடந்தது.