வாசலுக்கு வந்த சல்லடை

என் பாசமுள்ள சுப்பையா அண்ணாச்சிக்கு,

எனக்கு எழுத்து தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உங்க மருமக செல்விதான் எழுதுதா. முடிச்சதும் மில்லு வாசல்ல ஒட்டப் போறோம். நாலு பேரு படிக்கட்டும், அப்படியே உங்களுக்கும் வந்து சேரட்டும்.

முதல்ல நல்ல சேதி. நீங்க கண்ணை மூடின பிறகு சீனி அரைக்கப் புது மெஷின் வந்திருக்கு. உங்க மகன் குமாருதான் வாங்கிப் போட்டான். தூத்துக்குடி மக்ரூன் கடைக்காரங்க கேக்குற நைசும் விழுது, பிஸ்கட் கம்பெனிக்கு வேண்டிய குறுணையும் விழுது. நீங்க இருந்தா ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பாத்துட்டு, தலையை மட்டும் ஆட்டுவீங்க. அந்த ஆட்டலுக்காகவே நாங்க வேலை பாத்தோம்.

ஆனா, அந்த மெஷின் ஓடுறதுக்கு முந்தி நடந்ததை நீங்க கேக்கணும்.

பூசைக்குச் செல்வியோட அப்பா தென்காசியில இருந்து வந்தாரு. கையில தாம்பாளம், அதுல கட்டி கட்டியாச் சூடம். நேரா அரவை ரூமைப் பாத்து நடந்தாரு. பழைய மெஷின் அப்பதான் ஓடி நின்னிருந்துது. சீனித் தூசி ரூம் முழுக்கப் புகை மாதிரி நிக்குது. நான் வாசல்ல குறுக்க நின்னேன்.

“தள்ளும் வே. புது மெஷினுக்குச் சூடம் காட்டாம ஓட்டுனா விளங்குமா?”

“சம்மந்தி, இந்த ரூமுக்குள்ள சூடம் வராது. அண்ணாச்சி வச்ச வழக்கம்.”

“ஊரே அம்மனைக் கும்பிட்டுத்தான் பொழைக்கு. இங்கன மட்டும் சாமி வேண்டாமாக்கும்?”

குமாரு மாமனார் மூஞ்சியையும் என் மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்தான். நான் நகரல. உள்ள மூட்டை தைக்கிற பொம்பளைங்க இருந்தாங்க, அண்ணாச்சி.

இதே கேள்வியை ஒரு ஆயுத பூசையில நாங்களும் உங்ககிட்ட கேட்டோமே, ஞாபகம் இருக்கா? நீங்க திட்டல. முற்றத்துல சூடத்தைக் கொளுத்தி, ஒரு பிடி சீனி மாவை அதுமேல வீசினீங்க. குப்புன்னு ஆள் உயரத்துக்குத் தீ எந்திரிச்சுது. “ஒரு பிடிக்கே இப்படி. ரூம் நிறையப் பறக்குதே, அது பிடிச்சா?”ன்னீங்க.

அப்புறம் மெஷினுக்குள்ள இருந்த சல்லடையைக் கழத்தித் தோள்ல வச்சு, நீங்களே வாசலுக்குக் கொண்டு வந்தீங்க. “மூலவர் உள்ளயே இருக்கட்டும்லே, இவருதான் உற்சவர். நம்ம ஊரு கோமதி அம்மனே ஆடித் தபசுக்குக் கோயிலை விட்டு வெளிய வாரா, சல்லடை வந்தா என்ன?”ன்னு சூடம் காட்டுனீங்க. எல்லாரும் சிரிச்சோம். சாமிக்கும் குறை வைக்காம, எங்க உசுருக்கும் பங்கம் வராம, இப்படி ஒரு வழி வேற யாருக்குத் தோணும்?

இந்தக் கதையை நான் சம்மந்திகிட்ட சொல்லி முடிக்கல, அதுக்குள்ள செல்வி வந்து தாம்பாளத்தை வாங்கிட்டா.

“ஏட்டி, பெத்த அப்பனையே தடுக்கியா?”

“தடுக்கலப்பா. முற்றத்துக்கு வாங்க, காட்டுதேன்.”

அரவை ரூம் கதவைச் சாத்தச் சொன்னா. சூடத்தைக் கொளுத்தி, நீட்டுக் கரண்டியில மாவை அள்ளி வீசினா. தீ எந்திரிச்ச வேகத்துல சம்மந்தியோட துண்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். மீசை இருக்கான்னு தடவிப் பாத்துட்டு, “மாப்ள, என்ன பாத்துக்கிட்டு நிக்கீங்க? சல்லடையைக் கழத்துங்க!”ன்னு சத்தம் போட்டாரு.

செல்வி இப்ப பேனாவை வச்சுட்டா. “என்னைப் பத்தி எதுக்கு, சின்ன மாமா?”ங்கா. எழுதுட்டி, உங்க மாமனாருக்குத் தெரிய வேண்டாமான்னு அதட்டி எழுத வைக்கேன்.

புதுச் சல்லடை வெள்ளிக் குடம் மாதிரி மின்னிச்சு. குமாரு அதைத் தோள்ல ஏத்தி, ஒரு பக்கம் சாஞ்சு நடந்து வந்தான். அது உங்க நடை, அண்ணாச்சி. யாரு அவனுக்குச் சொல்லிக் குடுத்தா? மறுபடியும் கதவைச் சாத்திட்டு, சம்மந்தியே வாசல்ல சூடம் காட்டினாரு. காட்டி அணைச்ச பிறகுதான் கதவைத் திறந்தோம்.

நான் இருக்குற வரைக்கும் அந்த ரூமுக்குள்ள தீ போகாது. எனக்குப் பின்னால வாசல்ல யாரு நிப்பான்னு கேக்கீங்களா? செல்வி என்னமோ தானா எழுதுதா. என்னட்டி எழுதுனேன்னு கேட்டேன். ‘நான் நிப்பேன், மாமா’ன்னு எழுதியிருக்காளாம்.

உங்க வாசல்லயே இருக்குற தம்பி,
மாடசாமி
சங்கரன்கோவில்