இரும்புக்கரி உலை

புயலுக்கு முன், காலை 6.40

எழுதுவது இசக்கியம்மாள், செவ்வாய்க் கிரகத்து எண்ணெய்க் கூடத்தின் மேலறையிலிருந்து. யார் கண்ணில் படுகிறதோ அவர்கள் படிக்கட்டும். உலை ஒழுங்காக ஓடுகிறது. சிரட்டைக் கரியில் இரும்புத் தூளை ஏற்றி நிரப்பியிருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு சூடாக அதன்மேல் போனால் மறுபக்கம் எண்ணெயாகச் சொட்டும்.

கீழே உலையறையில் சம்பந்தி சண்முகக்கனி இருக்கிறாள். அவள் மகனும் என் மகள் முத்தரசியும் பனிக்கட்டி வெட்டப் போயிருக்கிறார்கள். சண்முகக்கனியோடு எனக்குப் பேச்சு இல்லை. கல்யாணப் பந்தியில் என் அண்ணனை இலையிலிருந்து எழுப்பிவிட்டவள். சோறு போட்டுக் குழம்பும் ஊற்றியாகிவிட்டது. அந்தக் கோபத்தை நான் பூமியிலேயே விட்டுவிட்டு வரவில்லை. ஒலிபெருக்கியில் அவள் சுவரிடம் பேசுவாள். நானும் சுவருக்குத்தான் பதில் சொல்வேன்.

காலை 9.15

புயல். முத்தரசி பேசினாள்: “அம்மா, வண்டி மண்ணுல புதைஞ்சிட்டு. குடிலுக்குள்ள இருக்கோம். கணப்புக்கு எண்ணெ சாயங்காலம் வரைக்கும்தான். ஆளில்லா வண்டிய அனுப்பும்மா. அத்தைட்டயும் சொல்லிரு.”

அந்த வண்டியின் எண்ணெய்த் தொட்டி சிவப்புக் கோடு வரை நிரம்பினால்தான் அது புறப்படும். இப்போது பாதிகூட இல்லை. சுவரிடம் சொல்லிவிட்டேன்.

காலை 11.00

ஒலிபெருக்கியில்: “சில பேருக்கு உலை ஆறுனாலும் தெரியாது. மேல உக்காந்து முள்ளையே பாத்துக்கிட்டு இருப்பாக.”

உலைச் சூட்டைக் காட்டும் என் குறிமுள் நின்ற இடத்தில் நிற்கிறது. “உக்காந்து திங்கிறது யாருன்னு ஊருக்கே தெரியும்” என்று சுவரிடம் சொன்னேன். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டேன்.

பகல் 12.20

சொட்டு குறைந்திருந்தது. சந்தேகப்பட்டு முள்ளைத் தட்டினேன். சடாரென்று விழுந்தது. சிக்கிக்கொண்டு பொய் காட்டியிருக்கிறது. உலை ஆறி, குழாய் இணைப்பு சுருங்கி, கீழே வாயு கசிகிறது. மணமே இல்லாத வாயு. தலைவலிக்கும், தூக்கம் வரும், அப்புறம் எழுப்ப முடியாது என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள்.

சூட்டை ஏற்றினேன். சொட்டு திரும்ப வந்தது. கசிவு நிற்கவில்லை. ஒலிபெருக்கியைப் போட்டேன்.

“மதினி... எம்புட்டு நேரமாக் கூப்பிடுதேன். தல வெடிக்கி.”

வாயு ஓடும்போது எங்கள் இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள கதவு திறக்காது. வாயுவை நிறுத்தினால் உலை அணையும். மறுபடி சூடாக ஒரு நாள் வேண்டும். பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள் இல்லை. சுவரிடம் அல்ல, அவளிடமே சொன்னேன்.

“நிப்பாட்டிராதீங்க மதினி. பிள்ளைய ரெண்டும் வெறச்சுப் போவும். நான் கதவோரமா சாஞ்சுக்கிடுதேன்.”

பகல் 1.30

தொட்டி முக்கால். அவளைத் தூங்கவிடக்கூடாது. என்ன பேசுவது? வாயில் வந்ததைக் கேட்டேன்.

“எங்கண்ணன எழுப்புனீகளே, இலையில என்னென்ன இருந்துச்சு? சொல்லுங்க பாப்போம்.”

“அவியல்... பருப்பு... உங்கண்ணன் மூணாந்தரமா உக்காந்தாரு மதினி. அதான் எழுப்புனேன்.”

“பொய். ரெண்டாந்தரம்.”

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றுபோனது. கூப்பிட்டேன். திரும்பவும் கூப்பிட்டேன். மூச்சு மட்டும் இழுத்து இழுத்துக் கேட்கிறது. எனக்கும் நெற்றிப்பொட்டு தெறிக்கிறது. இங்கேயும் ஏறுகிறதா? முருகா, அந்தத் தொட்டி ஏன் இவ்வளவு மெதுவாக

பகல் 2.50

சிவப்புக் கோடு. வண்டி போய்விட்டது. வாயுவை அடைத்துவிட்டேன். குழாயில் மிச்சமிருப்பது ஓடி முடியும்வரை கதவு திறக்காது.

முத்தரசி: “அம்மா, வண்டி வருதுன்னு காட்டுது! அத்தைட்ட சொல்லு. இவரு அவங்க குரலக் கேக்கணும்கிறாரு.”

கீழே மூச்சும் கேட்கவில்லை.

3.05

முத்தரசி, பிராணவாயு முகமூடி இல்லாமல் உள்ளே வராதீர்கள். இரண்டு பேரும் வராதீர்கள். நீங்கள் எடுத்துப்போனது போக இங்கே ஒன்றுதான் இருக்கிறது. அதை அவளுக்கு மாட்டப்போகிறேன். நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது.

கதவு விளக்கு பச்சை.

கதவில் யாரோ சுரண்டுவது போல் இருக்கிறது. புயலாக இருக்கும்.

புயல் இல்லை. அடியில், தரையோடு தரையாக. மதினி, வந்துட்டேன், கைய எடுங்க, கதவு உங்க பக்கமாத்தான் தொற